ஒரே தெருவில் மூன்று கடன்கள்

கிழக்கு லண்டனில் இல்ஃபோர்ட் லேனை ஒட்டிய குறுக்குத் தெருக்களில் ஏதாவது ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு வீட்டில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து நெடுங்காலமாகக் குடியிருக்கும் குடும்பம். அவர்களுடைய மகள் 25ஆம் இலக்கப் பேருந்தில் மைல் எண்டுக்குப் போய் குயின் மேரி பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள். அடுத்த வீட்டு மாடியில் வாடகைக்கு இருப்பவர்களின் மகன் சிறு வயதில் இந்த நாட்டுக்கு வந்தவன். உள்துறை அலுவலகம் இரண்டரை ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பித்துத் தரும் அனுமதியில் வளர்ந்தவன். அதற்கடுத்த வீட்டில், மதுரையிலிருந்தும் கோயம்புத்தூரிலிருந்தும் முதுகலை படிக்க வந்த பிள்ளைகள் ஓர் அறைக்கு மூன்று நான்கு பேராக இருக்கிறார்கள். மூன்று வீட்டுப் பிள்ளைகளும் ஒரே வளாகத்தில் படிக்கக்கூடும். மூவருக்கும் படிப்புக் கடன் உண்டு. உலகம் ஓடிக்கொண்டிருக்கும்வரை அந்தக் கடன்கள் ஒன்றுபோலவே தெரியும். 2020இல் உலகம் நின்றபோதுதான் அவை எவ்வளவு வேறுபட்டவை என்பது ஊருக்கே தெரிந்தது.

நான் மாணவர் நிதி ஆலோசகர். கிழக்கு லண்டனில் கல்லூரியிலும் பிறகு பல்கலைக்கழகத்திலும் வேலை பார்த்தேன். சனிக்கிழமைகளில் இல்ஃபோர்டில் நம் சனங்களுக்காக ஒரு மேசை போட்டு உட்காருவது இன்றும் நடக்கிறது. கல்விக் கொள்கை பேசும் தகுதி எனக்கு இதனால்தான் வந்தது: கொள்கை என்று மேலே எழுதப்படுவதெல்லாம் கடைசியில் ஒரு விண்ணப்பப் படிவமாகவும் ஒரு வங்கிக் கணக்கு அறிக்கையாகவும் அந்த மேசைக்கு வந்து சேரும்.

நான் இந்த வேலைக்கு வந்த 1990களின் கடைசியில் இங்கிலாந்தில் பட்டப்படிப்புக்குக் கட்டணமே புதிது. 1998இல் ஆண்டுக்கு 1,000 பவுண்டு என்று தொடங்கினார்கள். வருமானம் குறைந்த குடும்பங்களுக்கு விலக்கு இருந்தது. அடுத்த ஆண்டே வாழ்க்கைச் செலவுக்கான மானியத்தை எடுத்துவிட்டு அதன் இடத்தில் கடனை வைத்தார்கள். அப்போது என் முன்னால் வந்து உட்கார்ந்த பெற்றோரில் பலர் இலங்கையில் 1970களின் தரப்படுத்தலில் பல்கலைக்கழக இடத்தை இழந்தவர்கள், அல்லது 1983 கலவரத்துக்குப் பிறகு படிப்பைப் பாதியில் விட்டு ஓடிவந்தவர்கள். பிள்ளை படிக்க வேண்டும் என்பதில் அவர்களுக்கு இரண்டாம் பேச்சே கிடையாது. ஆனால் பிள்ளையின் பெயரில் கடன் என்றதும் முகம் மாறிவிடும்.

"படிக்கிற பிள்ளையைக் கடன்காரியாக்க வேண்டாம் தங்கச்சி. நாங்கள் சீட்டெடுத்துக் கட்டுறம்" என்றார் ஒரு தகப்பன். பெட்ரோல் நிலையத்தில் இரவு வேலை பார்ப்பவர். அவரைப் போல எத்தனையோ பேர். சீட்டெடுத்துக் கட்டினார்கள், நகையை அடகு வைத்துக் கட்டினார்கள், கடன் அட்டையில் தேய்த்தும் கட்டினார்கள். அரசாங்கக் கடனுக்குப் பயந்து அதைவிடக் கொடிய கடனுக்குள் போனார்கள். அவர்களுக்கு விளங்கப்படுத்துவதே என் முதல் சில ஆண்டுகளின் வேலையாக இருந்தது. இந்தக் கடனுக்காக யாரும் வீட்டுக் கதவைத் தட்டுவதில்லை. சம்பளம் ஒரு வரம்பைத் தாண்டினால் மட்டும் சம்பளத்திலேயே பிடிப்பார்கள். வேலை போனால் பிடிப்பதும் நின்றுவிடும். குறிப்பிட்ட காலம் போனால் மீதி தள்ளுபடி. தகப்பன் மரித்தாலும் பிள்ளை மரித்தாலும் கடன் யாருக்கும் இறங்காது. கிளாஸ்கோவில் இருக்கும் மாணவர் கடன் நிறுவனத்திலிருந்து வட்டி ஏறிய கணக்கோடு கடிதம் வந்த அன்று வீடே இழவு வீடு போலாகும். அந்தக் கடிதத்தைக் கொண்டுவந்து காட்டும்போது நான் கடைசி எண்ணைப் பார்க்க விடமாட்டேன். "உங்கட மகளுக்கு இப்ப என்ன சம்பளம்?" என்று கேட்பேன். அவர்கள் வாழ்க்கையைத் தொடும் எண் அது ஒன்றுதான்.

2006இல் கட்டணம் 3,000 ஆனது. 2010 டிசம்பரில் நாடாளுமன்றம் வாக்களித்து, 2012 முதல் 9,000 ஆனது. அதே காலத்தில் பள்ளியின் கடைசி இரண்டு ஆண்டில் ஏழைப் பிள்ளைகளுக்கு வாரம் 30 பவுண்டு வரை கிடைத்துவந்த உதவித்தொகையை இங்கிலாந்தில் நிறுத்தினார்கள். 9,000 என்ற எண்தான் செய்தியில் பெரிதாக வந்தது. என் மேசையில் அந்த 30 பவுண்டுதான் பெரிதாகத் தெரிந்தது. பேருந்துக்கும் மதியச் சாப்பாட்டுக்கும் அதை நம்பியிருந்த பிள்ளைகள் சனி ஞாயிறோடு வெள்ளிக்கிழமையும் கடையில் நிற்கத் தொடங்கினார்கள். மதிப்பெண் இறங்கியது. முப்பது ஆண்டில் தள்ளுபடியாகும் கடனைவிட, இந்தக் கிழமை கையில் காசில்லாததுதான் படிப்பைக் கெடுக்கும் என்று நான் கற்றுக்கொண்டது அங்கேதான்.

இல்ஃபோர்டுப் பிள்ளைகள் பல்கலைக்கழகத்தைத் தேர்ந்தெடுக்கும் விதமும் மாறியது. நல்ல மதிப்பெண் எடுத்தவர்கள்கூட பேருந்து போகும் தூரத்துக்குள்ளேயே தேடினார்கள். வீட்டிலிருந்து படித்தால் வாழ்க்கைச் செலவுக் கடனும் குறைவாகத்தான் தருவார்கள். 2020–21இல் லண்டனில் வெளியே தங்கிப் படிப்பவருக்கு உச்சமாக 12,010 பவுண்டு. பெற்றோர் வீட்டில் இருப்பவருக்கு 7,747. அந்த உச்சத் தொகையும் குடும்ப வருமானம் 25,000 பவுண்டுக்கு மேல் போகாவிட்டால்தான். 2008இல் போட்ட அந்த 25,000 அசையவே இல்லை. விலைவாசி ஏறியது, குறைந்தபட்சக் கூலி ஏறியது, வரம்பு மட்டும் நின்ற இடத்திலேயே நின்றது. கணவன் கடையிலும் மனைவி பள்ளிச் சமையலறையிலும் வேலை பார்க்கும் குடும்பம், கொள்கையின் கண்ணில் ஆண்டுக்கு ஆண்டு வசதியான குடும்பமாகிக்கொண்டே வந்தது.

இடையில் திரும்பக் கொண்டுவந்திருந்த மானியத்தை 2016இல் மறுபடி எடுத்துவிட்டு முழுவதையும் கடனாக்கினார்கள். அதன் விளைவு, மிகவும் ஏழையான பிள்ளைதான் மிக அதிகக் கடன் எடுக்க வேண்டும். நிதி ஆய்வு நிறுவனம் 2017இல் போட்ட கணக்கின்படி பட்டம் பெறும்போது சராசரிக் கடன் 50,000 பவுண்டை ஒட்டியும், ஏழைக் குடும்பப் பிள்ளைகளின் கடன் 57,000ஐ ஒட்டியும் இருந்தது. ஏழாயிரம் பவுண்டு ஏழ்மைக்கான கூடுதல் என்று நான் இதை எழுதிவைத்துக்கொண்டேன்.

இரண்டாம் வீட்டுப் பிள்ளையின் கதைக்கு வருகிறேன். இந்த நாட்டில் ஆரம்பப் பள்ளியிலிருந்து படித்து, இதே ஆங்கிலம் பேசி, பல்கலைக்கழக இடமும் கிடைத்த பிறகு, ஆகஸ்ட் மாதத்தில் ஒரு நாள் அவனுக்குக் கடன் கிடையாது என்று பதில் வரும். 2012 முதல் நிரந்தர வதிவிட உரிமை இல்லாதவர்களை அரசு மாணவர் கடனிலிருந்து விலக்கிவிட்டது. கட்டணமும் வெளிநாட்டு மாணவருக்கான கட்டணம். இந்தப் பிள்ளைகளில் பலருக்குத் தங்கள் விசா நிலையே அன்றுதான் தெரியவரும். பெற்றோர் சொல்லாமல் மறைத்திருப்பார்கள். வகுப்பில் முதலாவதாக வந்த ஒரு பெடியன் என்னிடம், "அன்ரி, நான் எந்த நாட்டுப் பிள்ளை?" என்று கேட்டான். நண்பர்கள் எல்லோரும் யூனிக்குப் போக, அவன் கிடங்கு வேலைக்குப் போனான்.

சாம்பியாவிலிருந்து 2001இல் சிறுமியாக வந்த போரிஷ் டிகெரே என்ற பெண் இதை எதிர்த்து வழக்குப் போட்டார். 2015 ஜூலை 29இல் உச்ச நீதிமன்றம் மூன்றுக்கு இரண்டு என்ற பெரும்பான்மையில் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. மறு ஆண்டு விதி மாறியது. 18 வயதுக்கு உட்பட்டவர் ஏழு ஆண்டு இங்கே வாழ்ந்திருந்தால், அல்லது வளர்ந்தவர் தன் வாழ்நாளில் பாதியையோ இருபது ஆண்டையோ இங்கே கழித்திருந்தால், கடன் கேட்கலாம். ஆனால் படிப்புத் தொடங்குவதற்கு முந்திய மூன்று ஆண்டும் சட்டப்படியான அனுமதி அறுபடாமல் இருக்க வேண்டும். இந்தக் கடைசி வரியை நான் எல்லாப் பெற்றோரிடமும் சத்தமாக வாசித்துக் காட்டுவேன். பெருந்தொற்றில் பிள்ளைகளின் கையை அறுத்தது இந்த வரிதான்.

மூன்றாம் வீட்டுப் பிள்ளைகள் பெருந்தொகையாக வரத் தொடங்கியது 2019 செப்டம்பருக்குப் பிறகு. படித்து முடித்ததும் இரண்டு ஆண்டு இங்கேயே வேலை பார்க்கும் அனுமதியை மீண்டும் தரப்போவதாக அரசு அப்போது அறிவித்தது. தமிழ்நாட்டில் முகவர்கள் அந்த அறிவிப்பைக் கையில் எடுத்துக்கொண்டார்கள். அப்போது வரவேண்டுமென்றால் கட்டணத்தின் மீதியோடு, லண்டனுக்கு மாதம் 1,265 பவுண்டு வீதம் ஒன்பது மாதத்துக்கு 11,385 பவுண்டு வங்கிக் கணக்கில் 28 நாள் இருந்ததாகக் காட்ட வேண்டியிருந்தது. அந்தத் தொகை தன்னிடம் உள்ள குடும்பத்துப் பிள்ளை ஓர் அறையில் நான்கு பேரோடு படுப்பதில்லை. பலருக்கு அது வட்டிக்கு வாங்கிக் கணக்கில் வைத்துக் காட்டிவிட்டுத் திருப்பிக் கொடுத்த பணம். படிப்புக்கு வாங்கிய கடன் தனி. இந்திய வங்கிகளில் ஏழரை லட்சத்துக்கு மேல் கல்விக் கடன் வேண்டுமென்றால் பொதுவாகச் சொத்து ஈடு வைக்க வேண்டும். ஈடு என்றால் பெரும்பாலும் அம்மா அப்பா குடியிருக்கும் வீடு. வங்கி அல்லாத நிதி நிறுவனங்கள் பலவும் படிக்கும் காலத்திலேயே மாத வட்டி கேட்கும். அந்தக் கடனுக்குச் சம்பள வரம்பும் தெரியாது, தள்ளுபடியும் தெரியாது.

இங்கே வந்த பிறகு பாடம் நடக்கும் காலத்தில் வாரம் 20 மணி நேரம் மட்டும் வேலை பார்க்கலாம். அரசு உதவி எதுவும் பெறக்கூடாது என்று விசாவிலேயே எழுதியிருக்கும். அந்த 20 மணி நேரச் சம்பளத்தில்தான் வாடகை, சாப்பாடு, அடுத்த தவணைக் கட்டணத்தின் ஒரு பங்கு எல்லாம்.

2020 மார்ச் 23 இரவு முடக்கம் அறிவிக்கப்பட்டது. அந்த வாரத்திலிருந்து என் தொலைபேசி ஓயவில்லை. உணவகமும் கடையும் மூடின. சம்பளத்தில் 80 விழுக்காட்டை, மாதம் 2,500 பவுண்டு வரை, அரசே தரும் திட்டம் வந்தது. நான் முதலில் சொல்ல வேண்டியிருந்தது, மாணவர் விசாவில் இருப்பவரும் அதைப் பெறலாம், அது விசா தடைசெய்த அரசு உதவிக் கணக்கில் வராது என்பது. பிள்ளைகள் நம்பவில்லை. விசா போய்விடும் என்ற பயத்தில், தந்தபோதும் வேண்டாம் என்று சொன்னவர்களை நான் அறிவேன். ஆனால் பெரும்பாலானவர்களுக்கு அந்தக் கேள்வியே எழவில்லை. முதலாளி அவர்கள் பெயரைக் கணக்கில் காட்டியிருந்தால்தானே அரசுக்கு எழுதுவார்! கையில் காசு வாங்கி வேலை பார்த்தவர்களுக்கு "திறந்தபின் வா" என்ற ஒரு சொல்தான் கிடைத்தது.

அதே கிழமை இந்தியாவும் முடங்கியது. ஊரில் அப்பாவின் கடையும் பூட்டு. ரிசர்வ் வங்கி மார்ச் 27இல் கடன் தவணைகளுக்கு மூன்று மாத அவகாசம் தந்து, பிறகு ஆகஸ்ட் 31 வரை நீட்டியது. அவகாசம் என்றால் வட்டி நிற்கவில்லை, அசலோடு சேர்ந்துகொண்டே போனது. பவுண்டின் மதிப்பும் ஏறிக்கொண்டிருந்தது. 2021 தொடக்கத்தில் ஒரு பவுண்டு ஏறக்குறைய 100 ரூபாய். ஊரில் வருமானம் இல்லாத நேரத்தில் இங்கே கட்டணம் கூடியதுபோலத்தான் அது. "அக்கா, வேலை போனது வீட்டுக்குத் தெரிஞ்சா அப்பா தாங்க மாட்டாரு" என்று திருச்சிப் பக்கத்துப் பெண் ஒருத்தி சொன்னாள். வீடியோவில் அம்மாவிடம் பேசும்போது, சாப்பிட்டுவிட்டதாகச் சொல்ல நல்ல உடை உடுத்திக்கொள்வாள்.

பசி வெளிப்படையாகத் தெரிந்தது. ஈஸ்ட் ஹாமில் நியூஹாம் சமூகத் திட்டம் என்ற தொண்டு அமைப்பு உணவுப் பை கொடுத்தபோது, வரிசையில் நின்றவர்களில் பெரும்பாலோர் இந்தியத் துணைக்கண்டத்திலிருந்து வந்த மாணவர்கள். செய்திகளிலும் அந்த வரிசையைக் காட்டினார்கள். குருத்வாராக்களின் சமையலறைகளும் கோவில்களும் பள்ளிவாசல்களும் கைகொடுத்தன. முதுகலை படிக்க ஆயிரக்கணக்கான பவுண்டைக் கட்டணமாகக் கொடுத்தவர்கள் அரிசிக்கும் பருப்புக்கும் குளிரில் நின்றார்கள். அவர்களிடமிருந்து பணம் வாங்குவதற்கு ஓர் ஒழுங்கான முறை இருந்தது. அவர்களுக்கு இடர் வந்தால் என்ன செய்வது என்பதற்கு முறையே இருக்கவில்லை.

முதலாம் வீட்டுக்கு முறை இருந்தது. அது பலருக்குத் தெரியாமல் இருந்தது என்பதுதான் அங்கே சிக்கல். மாணவர் கடனுக்குக் குடும்ப வருமானத்தைப் பழைய வரியாண்டுக் கணக்கில்தான் பார்ப்பார்கள். ஆனால் வருமானம் 15 விழுக்காடோ அதற்கு மேலோ விழுந்திருந்தால் நடப்பாண்டுக் கணக்கில் மறுபடி கணிக்கச் சொல்லிக் கேட்கலாம். அந்தக் கோடையிலும் இலையுதிர் காலத்திலும் நான் செய்த வேலையில் பாதி இந்த ஒரு படிவம். டாக்சி ஓட்டும் தகப்பன்களோடும் அழகு நிலையம் நடத்தும் தாய்மாரோடும் தொலைபேசியில் உட்கார்ந்து, வராத வருமானத்தை மாதம் மாதமாக எழுதினோம். பிள்ளையின் கடன் தொகை கூடியது, வீட்டு வாடகைக்கு ஒரு பகுதி வந்தது. படிவம் இருப்பது தெரிந்தவருக்கு உதவி, தெரியாதவருக்கு ஒன்றுமில்லை. சமவாய்ப்பு இத்தனை மெல்லிய நூலில் தொங்குவதை நான் அதற்குமுன் அப்படிக் கண்டதில்லை.

அந்த ஆகஸ்டில் இன்னொன்றும் நடந்தது. தேர்வு நடக்காததால் ஆசிரியர்கள் தந்த மதிப்பீட்டை ஒரு கணக்குச் சூத்திரத்தில் போட்டுத் திருத்தினார்கள். ஆகஸ்ட் 13இல் ஏ லெவல் முடிவு வந்தபோது ஆசிரியர் மதிப்பீடுகளில் 40 விழுக்காட்டுக்குக் கொஞ்சம் குறைவானவை கீழே இறக்கப்பட்டிருந்தன. சில பிள்ளைகளே இருக்கும் வகுப்புகளுக்கு ஆசிரியர் மதிப்பீடே நிலைத்தது. தனியார் பள்ளிகளில்தான் அப்படிப்பட்ட வகுப்புகள் அதிகம். நம் பக்கத்துப் பெரிய அரசுப் பள்ளிகளில் பள்ளியின் பழைய முடிவுகள் பிள்ளையின் தலையில் ஏறின. நான்கு நாள் கழித்து, 17ஆம் தேதி, அரசு அதைக் கைவிட்டது. அந்த நான்கு நாளில் பதறிப்போய் வேறு இடத்தில் வேறு பாடத்துக்கு ஒப்புக்கொண்ட பிள்ளைகள் இருந்தார்கள். விரும்பிய பாடமோ வேண்டாத பாடமோ, அன்று கட்டணம் 9,250தான்; கடனும் ஒன்றுதான்.

பாடங்கள் கணினித் திரைக்குள் போனதும், கட்டணத்தைத் திருப்பிக் கொடு என்ற குரல் நாடெங்கும் எழுந்தது. மூன்று லட்சத்துக்கு மேற்பட்டோர் நாடாளுமன்ற மனுவில் கையெழுத்திட்டார்கள். கட்டணம் குறையவில்லை. அந்தக் கோரிக்கை நியாயமானது. ஆனால் நான் மேசையில் கண்ட ஒன்றை இங்கே சொல்லியாக வேண்டும்: அந்த ஒரே கோரிக்கை என் தெருவின் வீடுகளுக்கு நேர் எதிரான பொருள் தந்தது.

2012க்குப் பிறகு படித்த இங்கிலாந்து மாணவர், 2021 விதிப்படி, 27,295 பவுண்டுக்கு மேலான சம்பளத்தில் 9 விழுக்காடு கட்டுவார். சம்பளம் 30,000 என்றால் மாதம் 20 பவுண்டு. மொத்தக் கடன் 57,000 ஆனாலும் ஓர் ஆண்டுக் கட்டணம் கழிந்து 48,000 ஆனாலும் அந்த 20 பவுண்டு மாறாது. பெரிய சம்பளத்துக்குப் போய் முழுக் கடனையும் கட்டி முடிப்பவருக்குத்தான் கட்டணக் குறைப்பு மிச்சம். வீட்டில் வருமானம் நின்றுபோன அந்தப் பிள்ளைக்கு அன்று வேண்டியிருந்தது கையில் காசு. மடிக்கணினி, இணையம், வாடகை.

மூன்றாம் வீட்டுக்கோ கட்டணத்தில் குறையும் ஒவ்வொரு பவுண்டும் வீட்டுப் பத்திரத்தை நோக்கி ஓர் அடி. அவர்களுடைய அடுத்த தவணை நாள் வந்ததும் கணினிப் பாட அணுகலை நிறுத்திவிடுவோம் என்று மின்னஞ்சல் வரும். தொடர்ந்து கட்டாவிட்டால் பதிவு ரத்து, பதிவு ரத்தானால் உள்துறை அலுவலகத்துக்கு அறிக்கை, அறிக்கை போனால் விசா போகும். அப்போது படிப்பும் போய், கட்டிய பணமும் போய், கடன் மட்டும் ஊரில் நிற்கும். தவணையைப் பிரித்துத் தாருங்கள், மூன்று மாதம் பொறுங்கள் என்று கடிதம் எழுதிக்கொடுப்பதே 2020 இறுதியில் என் இரவு வேலையானது. இரங்கிய நிறுவனங்களும் உண்டு, இரங்காதவையும் உண்டு. எது எப்படி என்பது அந்தந்த அலுவலகத்தில் மின்னஞ்சலைத் திறந்தவரின் மனதைப் பொறுத்திருந்தது.

இரண்டாம் வீட்டில் அமைதியாக ஒரு சேதம் நடந்தது. அவர்களுடைய அனுமதியைப் புதுப்பிக்கும் செலவு, சுகாதாரக் கட்டணம் உயர்ந்த 2020 அக்டோபருக்குப் பிறகு, வளர்ந்தவர் ஒருவருக்கு 2,593 பவுண்டு ஆனது. வேலை நின்ற குளிர்காலத்தில் நான்கு பேர் கொண்ட குடும்பம் அதை எங்கே தேடும்? கட்டண விலக்குக் கேட்க வழியிருந்தது. கேட்காமல், பணம் சேரட்டும் என்று காத்திருந்து தேதியைத் தவறவிட்டவர்கள் இருந்தார்கள். தேதி தவறியதும் அந்த மூன்றாண்டுச் சங்கிலி அறுந்தது. பிள்ளை பல்கலைக்கழகக் கடன் கேட்க இன்னும் மூன்று ஆண்டு. விசா ஆலோசனை சொல்லச் சட்டப்படி பதிவு வேண்டும், அது என்னிடம் இல்லை. அதனால் காலண்டரில் தேதியைச் சிவப்பில் வட்டமிட்டுக் கொடுத்து, பதிவுபெற்ற ஆலோசகரிடம் அனுப்புவதோடு என் எல்லை முடிந்தது.

2020 டிசம்பரில் இல்ஃபோர்ட் அடங்கிய ரெட்பிரிட்ஜ் நாட்டிலேயே தொற்று மிக அதிகமான இடங்களில் ஒன்றாக இருந்தது. ஜனவரி 8இல் லண்டன் மேயர் சாதிக் கான் பெரும் இடர்நிலை அறிவித்தார். அந்தக் குளிர்காலத்தில்தான் மாணவர்களுக்கான இடர்கால நிதியும் வந்தது. டிசம்பரில் 2 கோடி பவுண்டு, பிப்ரவரியில் 5 கோடி, ஏப்ரலில் ஒன்றரைக் கோடி. வெளிநாட்டு மாணவருக்கும் கொடுக்க இடமிருந்தது. முதல் முடக்கத்திலிருந்து எண்ணினால் ஒன்பது மாதம் பிந்தி வந்த பணம் அது.

இடர்கால நிதி எப்படிக் கொடுக்கப்படும் என்று வெளியே பலருக்குத் தெரியாது. மூன்று மாத வங்கி அறிக்கை கேட்போம். வாடகை ஒப்பந்தம் கேட்போம். ஒவ்வொரு வரவுக்கும் விளக்கம் கேட்போம். ஓர் அறையில் நான்கு பேராய் இருப்பவரிடம் ஒப்பந்தம் இருக்காது. கணக்கில் வாடகை சேர்த்துக் கட்டுபவர் நால்வர் பணத்தையும் வாங்கி அனுப்புவார், ஆகவே அவர் கையில் பணம் புரள்வதுபோல் தெரியும். விசாவுக்காகக் கடன் வாங்கிக் காட்டிய பெருந்தொகை, மாணவர் வசதியானவர் என்பதற்குச் சாட்சியாகிவிடும். உண்மையிலேயே இல்லாதவரால்தான் இல்லாமையை நிரூபிக்க முடிவதில்லை. வசதியுள்ள வீட்டுப் பிள்ளைக்கு அப்பாவின் கணக்காளர் அழகாக ஒரு கடிதம் தருவார்.

நெருக்கடி முற்றியபோது பல பல்கலைக்கழகங்கள் படிவத்தை ஒரு பக்கமாகச் சுருக்கின. அறிக்கை கேட்காமல் நூறு, இருநூறு பவுண்டு சில நாட்களில் போய்ச் சேர்ந்தது. அந்தச் சிறு தொகைகள் மிகப் பெரிய வேலை செய்தன: படிப்பை விட இருந்தவர் அந்த மாத வாடகையைக் கட்டித் தங்கினார், தேர்வு எழுதினார். இத்தனை ஆண்டுப் பணியில் நான் இதைவிட உறுதியாகக் கற்ற பாடம் கிடையாது. முதல் வாரத்தில் வரும் நூறு பவுண்டு ஆறாம் மாதத்தில் வரும் ஆயிரத்தைவிட மேல்.

பெருந்தொற்று ஓய்ந்ததும் அது தனி நிகழ்ச்சி, இனி வராது என்று பேசினார்கள். 2022 ஏப்ரல் 12இல் இலங்கை வெளிநாட்டுக் கடனைக் கட்டுவதை நிறுத்தியது. மார்ச்சில் டாலருக்கு 200 ரூபாய் அளவில் இருந்தது மே மாதத்தில் 360ஐத் தொட்டது. கொழும்பிலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் படிக்க வந்த பிள்ளைகள் மறுபடி என் முன்னால். பெற்றோரிடம் ரூபாய் இருந்தது. அது கிட்டத்தட்ட பாதிப் பவுண்டுதான் ஆனது, அதையும் அனுப்பித்தர வங்கியில் அந்நியச் செலாவணி இல்லை. தவணை நாள் மட்டும் அப்படியே நின்றது. கிருமி இல்லாத இடத்திலும் அதே காட்சி, அதே மின்னஞ்சல்கள்.

முதலாம் வீட்டின் கடனும் இப்போது குணம் மாறி வருகிறது. 2023 ஆகஸ்ட் முதல் படிப்பைத் தொடங்கியவர்களுக்குச் சம்பள வரம்பு 25,000. தள்ளுபடிக்கு 40 ஆண்டு காத்திருக்க வேண்டும். வட்டியைக் குறைத்தார்கள் என்பது உண்மை. ஆனால் 30,000 சம்பளக்காரர் மாதம் அந்த 2021 கணக்கின் 20 பவுண்டுக்குப் பதில் 37 பவுண்டு 50 பென்ஸ் கட்டுவார், இன்னும் பத்து ஆண்டு கூடுதலாக. பெரிய சம்பளக்காரர் விரைவில் கட்டி முடித்து வெளியேறுவார். ஆசிரியராகவும் தாதியாகவும் போகும் நம் பிள்ளைகள் ஓய்வுக் காலம் வரை கட்டுவார்கள். இடரைத் தாங்கும் பொறுப்பு அரசின் தோளிலிருந்து மெல்ல மெல்ல இறங்கிக்கொண்டிருக்கிறது.

உயர்கல்வியில் சமத்துவம் பற்றிப் பேசும்போது கட்டணம் எவ்வளவு, கடன் எவ்வளவு என்றே எல்லோரும் கேட்கிறார்கள். நான் கேட்கச் சொல்வது வேறு கேள்வி: நடுவில் உலகம் நின்றால் இந்தக் கடன் யார் தலையில் விழும்? முதலாம் வீட்டில் அரசு பெரும்பங்கு தாங்கியது. இரண்டாம் வீட்டில் ஒரு தேதி எல்லாவற்றையும் தீர்மானித்தது. மூன்றாம் வீட்டில் அம்மாவின் வீடு தாங்கியது. பல்கலைக்கழகங்களின் வரவு செலவே வெளிநாட்டுக் கட்டணத்தில் நிற்கும் இந்தக் காலத்தில், இலாபத்தை வாங்கிக்கொண்டு இடரை மட்டும் ஆயிரக்கணக்கான மைலுக்கு அப்பால் உள்ள ஒரு குடும்பத்திடம் விட்டுவிடுவது அநியாயம். பொது நெருக்கடி அறிவிக்கப்பட்டால் தவணையும் விசா அறிக்கையும் தானாக நிற்கும் என்று சேர்க்கை ஒப்பந்தத்திலேயே எழுத வேண்டும். இடர்கால நிதி நிரந்தரமாக இருக்க வேண்டும், விசா பார்க்காமல், முதல் வாரத்தில். கட்டண விலக்கு முடிவாகும்வரை எந்தப் பிள்ளையின் மூன்றாண்டுக் கணக்கும் அறுபடக் கூடாது. இவை மூன்றுமே செய்யக்கூடியவை. இடர்கால நிதியை 2021இல் அரைகுறையாகச் செய்தும் காட்டினார்கள்.

பெற்றோருக்கு நான் சொல்வது ஒன்றுதான். அது ஊரிலிருந்து பிள்ளையை அனுப்புபவருக்கும் இங்கே வளர்ப்பவருக்கும் பொது. கையெழுத்துப் போடும் முன் வாருங்கள். முகவர் தந்த தாளையும் வங்கி தந்த தாளையும் பல்கலைக்கழகக் கடிதத்தையும் சேர்த்துக் கொண்டுவாருங்கள். வருமானம் ஆறு மாதம் நின்றால் யார், எதைக் கொண்டு, எந்தத் தேதிக்குள் கட்டுவது என்று ஒரு தாளில் எழுதுவோம். அந்தத் தாளுக்கு விடை கிடைத்தால் பிள்ளையைத் துணிந்து அனுப்புங்கள். கிடைக்காவிட்டால் ஓர் ஆண்டு பொறுத்து அனுப்புங்கள். படிப்புக்கு வயது தடையில்லை. இழந்த வீட்டை மீட்பது கடினம்.